ஆளவந்தாரின் பெட்டியும் ராமய்யாவின் குடிசையும்

திருமலைராயன்பட்டினம் என்று ஊர்ப்பெயரைச் சொன்னால், தமிழ் கொஞ்சம் படித்தவர்கள் உடனே கேட்பது, "காளமேகம் மண்மாரி பெய்யச் சொல்லிச் சபித்த ஊர்தானே?" என்பதுதான். ஆமாம், அதே ஊர்தான். காரைக்காலுக்குத் தெற்கே, நாகூருக்கு வடக்கே. வேலைக்காக பெங்களூர் வந்து இருபது வருஷம் ஆகிறது, இந்தக் கேள்வி மட்டும் நிற்கவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: திருமலைராயன் அவைக்குக் காளமேகம் வருகிறார். அங்கே தலைமைப் புலவர் அதிமதுரகவி. இருவருக்கும் போட்டி. எமகண்டம் பாடச் சொல்கிறார்கள். கீழே நெருப்பு, கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை, மேலே தொங்கும் உறியில் புலவர், உடம்பைச் சுற்றிக் கத்திகள். கேட்ட பொருளில் உடனுக்குடன் பாடணும். தடுமாறினால் உயிர் போய்விடும். பாடி ஜெயிக்கிறார். ஆனால் அரசன் உரிய மரியாதை செய்யவில்லை. கோபத்தில் ஊர் அழிய அறம் பாடிவிட்டுப் போகிறார்.

இதை ஒரு கேஸ் கட்டு மாதிரி பிரித்துப் பாருங்கள். ஒரு மனிதனைக் கொப்பரைக்கு மேல் தொங்கவிட்டு வேடிக்கை பார்ப்பது இன்றைய சட்டத்தில் கொலை முயற்சி. அதற்குத் தண்டனை ஊர் மொத்தத்துக்கும். தறி நெய்தவனும் வலை வீசியவனும் அந்த அவைப் பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டான், ஆனால் அவன் தலையிலும் மண். இருந்தும், சபிக்கப்பட்ட ஊரில் பிறந்த நாங்களே கதையைப் புலவர் பக்கம் நின்றுதான் சொல்கிறோம். அரசன் தரப்பு வாக்குமூலம் என்று எதுவும் மிஞ்சவில்லை. வெண்பா ஒரு தரப்பிடம் மட்டும்தான் இருந்தது.

நடந்து முடிந்த ஒரு குற்றம் என்ன வடிவத்தில் ஜனங்களின் நினைவில் தங்குகிறது, அந்த வடிவத்தை யார் தருகிறார்கள் என்று இரண்டு மூன்று வருஷமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். இங்கே இரண்டு வழக்குகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தவை. ஒன்றைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். இன்னொன்றைப் பற்றிப் பேசவே இல்லை.

பேசியது ஆளவந்தார் கொலை வழக்கு. 1952 ஆகஸ்ட். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி போகும் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாற்றமடிக்கிறது. மானாமதுரையில் இறக்கித் திறந்தால் உள்ளே தலையில்லாத உடல். பிறகு சென்னையில் ராயபுரம் கடற்கரையில் தலை கிடைக்கிறது. இறந்தவர் சைனா பஜாரில் ஒரு பேனாக் கடையில் இடம் பிடித்து வியாபாரம் பார்த்த ஆளவந்தார் என்று தெரியவருகிறது. அவரோடு பழக்கம் இருந்த தேவகியும் அவர் கணவர் பிரபாகர மேனனும் பம்பாயில் பிடிபடுகிறார்கள். 1953ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு: மேனனுக்கு 7 ஆண்டு, தேவகிக்கு 3 ஆண்டு. விசாரித்த நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச அய்யர் ஒரு எழுத்தாளரும்கூட, ஆங்கிலத்தில் கதையும் நாடகமும் எழுதியவர். கொலை வழக்கில் இது லேசான தண்டனைதான். செத்தவனின் நடத்தை மேல் ஊருக்கே ஒரு அபிப்பிராயம் இருந்தது.

எங்கள் அப்பாயி மெட்ராஸைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பெட்டியை நேரில் பார்த்த மாதிரி சொல்வார். பெட்டியின் நிறம், பூட்டு, அடியில் கசிந்தது, திறந்த போலீஸ்காரர் மயங்கி விழுந்தது எல்லாம் அவர் சேர்த்த சரக்கு. வெளியூர் கிளம்பும்போது யாராவது "இந்தப் பொட்டிய மட்டும் அங்க சேத்துடுங்க ஆச்சி" என்று நீட்டினால் தொடவே மாட்டார். மானாமதுரைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நடந்து முப்பது வருஷம் கழித்து, ஒரு கிழவி டிரங்குப் பெட்டிக்குப் பயப்படுகிறார். சமூகக் கற்பனை என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

இது எப்படி அவரிடம் போய்ச் சேர்ந்தது? பேப்பர் ஒரு வழி. அதற்கு முன்பே இருந்த இன்னொரு வழி கொலைச் சிந்து. எங்காவது பரபரப்பான கொலை நடந்தால், சில நாளில் எட்டுப் பக்கம், பதினாறு பக்கத்தில் மட்டமான காகிதத்தில் ஒரு பாட்டுப் புத்தகம் அச்சாகிவிடும். திருவிழா, சந்தை, ரயில் நிலையம் என்று ஆள் கூடும் இடத்தில் பாடிக்கொண்டே விற்பார்கள். மெட்ராஸ் குஜிலி பஜார் இந்த வகைக்குப் பேர்போனது. ஆ.இரா. வேங்கடாசலபதி இந்த உலகத்தைப் பற்றி 'முச்சந்தி இலக்கியம்' என்று புத்தகமே எழுதியிருக்கிறார், கிடைத்தால் விடாதீர்கள்.

என் தொழில் புத்தியில் சொன்னால், கொலைச் சிந்து ஒரு டேபிள். அதற்கு நாலு காலம் கட்டாயம். கொன்றவர் யார், செத்தவர் யார், காரணம் என்ன, தண்டனை என்ன. காரணம் என்ற இடத்தில் பெண், பொன், மண் மூன்றில் ஒன்று வரும். நாலையும் நிரப்பினால் பாட்டு தயார். கடைசியில் நாலு வரி புத்திமதி இலவசம். ஆளவந்தார் கேஸ் இந்த டேபிளுக்கு அளவெடுத்துத் தைத்தது. ஒரு பிணம், ஒரு ஜோடி, ஒரு காதல், ஒரு தீர்ப்பு. பிறகு பத்திரிகைக் கட்டுரை, டிவி தொடர் என்று எத்தனை முறை திரும்பி வந்தாலும் அச்சு மாறவில்லை.

அதே 1952ல் எங்கள் பக்கத்தில் இன்னொன்று நடந்தது. தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது விரட்டக்கூடாது, கூலிக்கு ஒரு கணக்கு வேண்டும் என்று சொன்ன சட்டம். காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் எங்கள் ஊருக்கு அது செல்லாது. ஆனால் வாய்க்காலைத் தாண்டினால் அந்தப் பக்கம் செல்லும். வயல் ஒன்றுதான், காவிரித் தண்ணீர் ஒன்றுதான். அப்பாயி ஒரு நாளும் அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னதில்லை. எங்களுக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது, குத்தகைக்கு விட்டிருந்தோம். தெரிந்திருக்காது என்று நான் நம்பவில்லை.

பேசாத வழக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1960களில் தஞ்சை மாவட்டத்தில் புது விதை, உரம், குறுவை சம்பா என்று மகசூல் கூடியது. கூடிய நெல்லில் தங்களுக்கும் கொஞ்சம் கூட்டித் தரச் சொன்னார்கள் விவசாயத் தொழிலாளர்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் சங்கமும் செங்கொடியும் சேரிகளுக்குள் வந்தன. எதிர்த்தரப்பில் மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்தார்கள். தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. உள்ளூர் ஆட்களை விட்டுவிட்டு வெளியாட்களை அறுப்புக்கு இறக்கினார்கள். மோதல்கள் வளர்ந்தன. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் நில உரிமையாளர் தரப்பைச் சேர்ந்த பக்கிரிசாமி என்பவர் கொல்லப்பட்டார். அதே இரவில் தலித் தெருவுக்குள் கும்பல் புகுந்தது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமய்யாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். குடிசை கொளுத்தப்பட்டது. 44 பேர்.

எங்கள் ஊரிலிருந்து நாகூர், நாகப்பட்டினம், கீழ்வேளூர் வழியாகப் போனால் பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அப்பாவிடம் காலேஜ் படிக்கும்போது ஒருமுறை கேட்டேன். "அது அந்தப் பக்கம்ப்பா, தமிழ்நாடு. குடிசை எரிஞ்சுபோயி நெறய பேரு செத்துட்டாங்க" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. வாஞ்சூர் செக்போஸ்ட் அன்று ரொம்ப உபயோகமாக இருந்தது.

'எரிஞ்சுபோயி' என்ற சொல் மேல் கொஞ்சம் நிற்கணும். தமிழில் இதற்கு இரண்டு வினை இருக்கிறது. எரிந்தது, எரித்தார்கள். பள்ளிக்கூட இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். எரிந்தது என்றால் எழுவாய் குடிசை, தானாக எரிந்தது. எரித்தார்கள் என்றால் யார் என்று கேள்வி வந்துவிடும். ஒரு 'த்' தான் வித்தியாசம். வெண்மணி வழக்கு முழுவதும் அந்த ஒற்றெழுத்தில்தான் நடந்தது என்பேன்.

1970ல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் இன்னும் சிலருக்கும் 10 ஆண்டு தண்டனை தந்தது. 1973ல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. சொன்ன காரணங்களில் ஒன்று இன்று வரை பேசப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் பணக்கார மிராசுதார்கள், அவர்களில் ஒருவர் கார்கூட வைத்திருந்தவர், அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அதன் சாரம். பக்கிரிசாமி கொலை வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள். 44 பேர் விஷயத்தில் சட்டப்படி குற்றவாளி காலம் காலி. குடிசை எரிந்தது. யாரும் எரிக்கவில்லை.

இப்போது கொலைச் சிந்து டேபிளை எடுத்து நிரப்பிப் பாருங்கள். செத்தவர் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் எழுத முடியும், இங்கே 44. கொன்றவர் இடம் காலி. தண்டனை இடம் காலி. காரணம் பெண்ணும் இல்லை, பொன்னும் இல்லை, மரக்கால் அளவு. பாட்டுப் புத்தகக்காரர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஆளவந்தார் கதை அப்பாயி வரை வந்ததும், வெண்மணி வராததும் வெறும் பயத்தாலோ சாதியாலோ மட்டும் நடந்ததாகத் தோன்றவில்லை. அவை முக்கியக் காரணங்கள்தான், ஆனால் சொல்வதற்கு ஒரு அச்சும் அவர் கையில் இல்லை.

கோர்ட் கைவிட்டதை இலக்கியம் எடுத்துக்கொள்வது நமக்குப் புதிசில்லை. காரைக்காலுக்குக் கொஞ்சம் வடக்கே பூம்புகார். அங்கிருந்து போன கண்ணகியின் கதையே ஒரு அப்பீல் வழக்குதான். பொய்யான திருட்டுப் புகார், சரியாக விசாரிக்காமல் மரண தண்டனை, பிறகு திறந்த அவையில் மறு விசாரணை. சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துக் காட்டுகிற தடயம் வரை இருக்கிறது. வெண்மணிக்கும் அப்பீல் போட்டார்கள். ஆனால் முதலில் போன பெரிய அப்பீல் விசித்திரமான ஒரு பாயிண்டை எடுத்துக்கொண்டு போனது.

அது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1975ல் வந்தது, 1977ல் சாகித்திய அகாதமி விருது. அவர் கும்பகோணத்துக்காரர், டெல்லியில் பேராசிரியர். நாவலிலும் டெல்லியிலிருந்து படித்த இளைஞன் கோபால் கிராமத்துக்கு வருகிறான், நண்பன் சிவாவும் வருகிறான். ஊர் நிலக்கிழார் கண்ணையா நாயுடு. நாயுடுவின் கொடூரத்துக்கு அடியில் அவருடைய ஆண்மைக் குறை இருப்பதாக நாவல் காட்டுகிறது. இடதுசாரிகள் கொதித்தார்கள். கூலிப் போராட்டத்தைப் படுக்கையறைப் பிரச்சினை ஆக்கிவிட்டார் என்றார்கள்.

எனக்கு அந்த நாவல் பிடிக்கும். வேகமாகப் போகும், டீக்கடைப் பேச்சுகள் அசல். ஆனால் விமர்சனம் சரி என்றே நினைக்கிறேன், வேறு ஒரு காரணத்துக்காக. காலியாக இருந்த டேபிளை அது நிரப்பிவிட்டது. ஒரு கொலையாளி கிடைத்தார், அவருக்கு ஒரு மனசு கிடைத்தது, காரணம் என்ற இடத்தில் மறுபடி உடம்பு வந்து உட்கார்ந்தது. நெல் உற்பத்தியாளர் சங்கம் என்பது கூட்டம் போட்டு, தலைவர் தேர்ந்தெடுத்து, முடிவெடுக்கிற ஒரு அமைப்பு. அந்தச் சங்கத்தில் இருந்த எல்லோருக்குமா அந்தக் குறை? ஒரு நோயாளி செய்தார் என்றால், நோய் இல்லாத மற்ற மிராசுதார் வீடுகள் நிம்மதியாகத் தூங்கலாம். எங்களை மாதிரி குத்தகைக்கு விட்ட வீடுகளும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1983ல் இந்த நாவலை வைத்து ஸ்ரீதர் ராஜன் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' படம் எடுத்தார்.

கொலைகாரனின் தலைக்குள் நுழைந்து பார்க்கும் ஆசை உலகம் முழுக்க உண்டு. லண்டனில் 1888ல் ஐந்து பெண்களைக் கொன்றவன் யாரென்றே தெரியாது. ஆனாலும் ஜாக் தி ரிப்பர் என்ற பெயரில் அவனுக்கு நாவல், சினிமா, சுற்றுலா எல்லாம் இருக்கிறது. அந்த ஐந்து பெண்கள் யார், எங்கே பிறந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று மட்டும் தேடி ஹாலி ரூபன்ஹோல்ட் 'தி ஃபைவ்' எழுதியது 2019ல். 130 வருஷம் ஆகியிருக்கிறது. அந்தப் புத்தகத்தில் கொலை நடக்கும் காட்சியே கிடையாது, கொன்றவனைப் பற்றிய ஊகமும் கிடையாது. படிக்கும்போது முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். நாம் எதற்குப் பழகியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைக்கும்.

வெண்மணிக்கு அத்தனை வருஷம் ஆகவில்லை என்பது ஒரு ஆறுதல். மைதிலி சிவராமன் அந்தக் காலத்திலேயே ஊருக்குப் போய், கூலி என்ன, சங்கம் எப்படி வந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிவைத்தார். இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாட்டை கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாகப் பாடினார். அந்தப் பாட்டில் பேசுவது 'நாங்கள்'. வெளியிலிருந்து வந்த கோபாலும் இல்லை, மிராசுதாரின் மனசும் இல்லை. திருவாரூர் பக்கத்துக்காரரான சோலை சுந்தரபெருமாள் 1999ல் 'செந்நெல்' எழுதினார். கலையாக குருதிப்புனல் அளவுக்கு அது கச்சிதம் இல்லை, நடுவில் இழுக்கும். ஆனால் நாற்று, நடவு, அறுப்பு, களம், கூலி அளக்கும் மரக்கால், அதில் தலைதட்டுகிற விதம் என்று அந்த வேலையின் அன்றாடம் அதில்தான் இருக்கிறது. காரணம் என்ற காலத்தை ஒரே சொல்லில் நிரப்ப முடியாது என்று ஒரு முழு நாவல் எழுதிக் காட்டியிருக்கிறார். பாரதி கிருஷ்ணகுமாரின் ஆவணப்படம் 'ராமய்யாவின் குடிசை' தப்பிப் பிழைத்தவர்களையே பேசவிட்டது. மீனா கந்தசாமி 2014ல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ஜிப்சி காடஸ்', இந்தக் கதையை நாவலாகச் சொல்ல முடியுமா என்று வாசகனிடமே சண்டை பிடிக்கிறது. சில இடங்களில் அந்த விளையாட்டு எனக்கு அதிகம், ஆனால் ஏன் சண்டை பிடிக்கிறார் என்பது புரிகிறது.

1980ல் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். நான் கேட்ட டீக்கடைச் சொல்லல்களில் வெண்மணிக் கதை பெரும்பாலும் அந்த வருஷத்தில்தான் முடிகிறது. டேபிளில் தண்டனை இடம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான், கதை சொல்பவர் எழுந்து காசு கொடுக்கலாம். 44 பேரும் குறுவைக் கூலியும் அந்தச் சொல்லலில் முன்கதை ஆகிவிடுகின்றன. போன வருஷம் நான் வெண்மணிக்குப் போனபோது அந்தப் பெயர்கள் கல்லில் இருந்தன. நின்று கடைசி வரை படிக்க நேரம் பிடித்தது. நாம் சொல்லும்போது அது ஒரு எண், நாற்பத்து நாலு என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

சினிமா இப்போது வேறொரு வேலை செய்திருக்கிறது. பூமணியின் 'வெக்கை' 1982ல் வந்த நாவல், கரிசல் காட்டுக் கதை. அதிலிருந்து வெற்றிமாறன் 2019ல் 'அசுரன்' எடுத்தபோது, நாவலில் இல்லாத ஒரு முன்கதையைச் சேர்த்தார். அதில் குடிசைகள் கொளுத்தப்படுகின்றன. வெண்மணி என்ற பெயர் வராது, இடமும் வேறு. ஆனால் தமிழ்நாட்டில் பார்த்த பலருக்கும் அது எது என்று தெரிந்தது. ஒரு நெருப்பு தஞ்சாவூரிலிருந்து கிளம்பித் தெற்கே வேறு கதைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆராய்ச்சியாளர்கள் சரித்திரத் தவறு என்று சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு சம்பவம் ஊரைத் தாண்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் படிமமாக மாறுவது இப்படித்தான்.

ஊரடங்கு சமயத்தில் பட்டினத்தில் அப்பாவோடு உட்கார்ந்து அசுரன் பார்த்தேன். அந்தக் காட்சி வந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. படம் முடிந்து சாப்பிடும்போது, "வெண்மணியிலயும் இப்டித்தான் கொளுத்துனாங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பு பற்றிய கட்டுரைகளை முன்பே பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன், மறுநாள் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை படித்தார். கார் வைத்திருந்தவர் நடந்து போயிருக்க மாட்டார் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, வரப்புல காரு போவுமா?"